அண்ணி கேட்டில் நின்ற காலம்

என் அண்ணியைத் தோட்டத்துச் சங்கத்துக்குத் தலைவராக்கியது அவள் மேல் இருந்த மரியாதையில் இல்லை. பயத்தில். யாருக்குப் பயம் என்றால், எங்கள் தோட்டத்து ஆம்பிளைகளுக்கு. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

போன மாதம் பேப்பரில் ஒரு படம் வந்திருந்தது. எந்த நாட்டிலோ ஒரு மாநிலத்துக்கு முதல் முறையாக ஒரு பெண்ணை ஆளுநராக்கியிருக்கிறார்களாம். கழுத்தே தெரியாத அளவுக்கு மாலை. ரஹாங்கில் இருக்கிற என் மகள் அதை எனக்குப் படித்துக் காட்டி, ஏதோ அவளே பதவி ஏற்றுக்கொண்ட மாதிரி பூரித்துப்போனாள். எனக்கு அண்ணி ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக்கும் ஒரு முதல் பெண் தலைவர் இருந்தாள். அவளுக்கு ஒருவரும் மாலை போடவில்லை. அவளுடைய அரசியல் வாழ்க்கை ஒரு தீபாவளி கழிந்து தொடங்கி, அடுத்த தீபாவளி வருவதற்குள் முடிந்துபோனது.

மலாயாவில் லிங்கி ஆற்றுப் பக்கம் இருந்த ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய் பழக்கத்தில் சொல்கிறேன், வெள்ளைக்காரத் துரையுடையது. கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள்தான் லயம்; அதில் ஒரே வீட்டில் அண்ணன், அண்ணி, நான். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணிக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் ரப்பர்ப் பால்வெட்டு வேலை. மரம் மாறும்போதெல்லாம் அவள் எனக்குக் கேட்கிற மாதிரி ஏதாவது ஒரு வம்பு பேசுவாள். அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் கொண்டுவந்த புதிதில், பழைய சங்கத்துத் தலைவரைப் பட்டப்பகலில் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அதற்கப்புறம் கொஞ்ச வருஷம் தோட்டத்தில் சங்கம் என்ற பேச்சே இல்லை. பிறகு அரசாங்கமே, சங்கம் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை என்று சொல்ல, சிரம்பானிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம் போட்டார். கிளைக்கு ஒரு தலைவர் வேண்டும், யார் நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

கள்ளுக்கடையில் துரையைப் பிடித்து மரத்தில் கட்டுவேன் என்று சவடால் விடுகிறவர்கள் எல்லாம் அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், எங்களை வேலை வாங்குகிற ஒரு மண்டோர், "பேசாம ஒரு பொம்பளைய நிறுத்துங்க. பொம்பளன்னா போலீஸ்காரன் புடிக்கமாட்டான்" என்றார். கொட்டகையே சிரித்தது. அண்ணி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, "சரி, நான் நிக்கிறேன்" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கை தூக்கச் சொன்னபோது ஆம்பிளைகள் எல்லாரும் தூக்கினார்கள். பின்னே, தலை தப்பியதே. அண்ணன்தான் கடைசியாகத் தூக்கினான், அதுவும் அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்த பிறகு.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற ஆயாக்கொட்டகைக்கு ஒரு தண்ணீர்க்குழாய் போட வைத்தாள். மழை நாளில் காலையில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பிறகு வேலை இல்லை என்று அனுப்புவதை நிறுத்தினாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆபீஸ் வாசலில் போய் நின்றால், குமாஸ்தா கிராணி வேண்டுமென்றே காக்க வைப்பார். அவள் கவலைப்படாமல் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கிராணியின் மனைவி நலமா, பிள்ளைகள் நலமா என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். அவமானம் தாங்காமல் அவரே எழுந்து வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்.

இப்படி நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சோற்றுக்கு வேலி போட்டார்கள்.

காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்திலிருந்து அரிசி போகிறது என்று அரசாங்கம் நினைத்தது. போகவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பயத்தில் கொடுத்தவர்கள் உண்டு, பாசத்தில் கொடுத்தவர்களும் உண்டு. ஒரே நாளில் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. வீட்டில் ஒரு மணி அரிசி இருக்கக்கூடாது. மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே கொட்டகையில் சோறு ஆக்கி வேளைக்கு வேளை கொடுத்தார்கள். ஆக்கின சோறு மறுநாள் ஊசிப்போகும், காட்டுக்குக் கொண்டுபோனாலும் உதவாது என்று கணக்கு. அந்தச் சோறும் வேலியைத் தாண்டக்கூடாது. டின் பால்கூட, சேர்த்து வைக்கமுடியாதபடி, கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள். விடியுமுன்னே சோற்றைத் தின்றுவிட்டு, வெறுங்கையோடு கேட்டைத் தாண்டி வேலைக்குப் போகவேண்டும். வெளியே ஒரு பிடி சோறு அகப்பட்டாலும் ஜெயில்.

வெறுங்கைதானா என்று பார்க்கக் கேட்டில் ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் நின்றார்கள். எல்லாரும் ஆம்பிளைகள். வாளியை மட்டும் பார்த்தால் பரவாயில்லை. இடுப்பைப் பார்த்தார்கள். மாராப்புக்குள் பார்த்தார்கள். இருட்டில், பின்னால் புருஷனும் மாமனாரும் வரிசையில் நிற்க, ஒவ்வொரு நாளும். நான் இரண்டு ரவிக்கை போட்டுக்கொண்டு போனேன். அதற்குச் சிரித்துக்கொண்டே இரண்டு தரம் தடவினான் ஒருவன். இப்போது நினைத்தாலும் உடம்பு பற்றி எரிகிறது. புருஷன்மார் எல்லாம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். துப்பாக்கிக்கு முன்னால் அவர்கள்தான் என்ன செய்வார்கள் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு எனக்கு அவர்களைத்தான் அறையவேண்டும் போலிருந்தது.

வேலைநிறுத்தம் என்ற சொல்லையே அப்போது வாயில் வைக்கமுடியாது. அண்ணி தண்ணீர்க்குழாய் பக்கத்தில் பெண்களைக் கூட்டினாள்.

"போகமாட்டோம்னு சொல்லவேணாம். போவோம். ஆனா மெதுவாப் போவோம்" என்றாள்.

அவ்வளவுதான் திட்டம். ரப்பர் மரம் விடியற்காலைக் குளிரில்தான் பால் விடும். வெயில் ஏற ஏறச் சொட்டு குறைந்து, மரத்தில் வைத்த மங்குக் கிண்ணத்தில் விழுமுன்னே வெட்டுக்காயத்திலேயே உறைந்துவிடும். மறுநாள் கேட்டுக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு தடங்கல். ஒருத்திக்குக் கத்தி வீட்டிலேயே மறந்துபோனது. ஒருத்திக்குச் சேலை அவிழ்ந்து, சரியாகக் கட்ட வீட்டுக்குத் திரும்பினாள். சோதனை முடிந்தவள், "ஐயா, இந்தப் பக்கம் பாக்கலியே" என்று திரும்ப வந்து வரிசையில் நின்றாள். நான் அடையாளக் கார்டைத் தேடித் தேடி முந்தானை, சுருக்குப் பை, கொண்டை வரைக்கும் பார்த்தேன். எல்லாரும் கேட்டைத் தாண்டியபோது சூரியன் மரத்துக்கு மேலே வந்துவிட்டது. வாளிகள் பாதிகூட நிறையவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

துரை ஜீப்பில் கேட்டுக்கே வந்துவிட்டார். கிராணி மொழிபெயர்க்க, என்ன வேண்டும் என்று கேட்டார். பெண்களைப் பெண்தான் சோதிக்கவேண்டும் என்றாள் அண்ணி. அவ்வளவுதானா என்றார் துரை. அவ்வளவுதான் என்றாள்.

ஜெயித்துவிட்டோம் என்று ஆட்டம் போட்டேன் நான். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் நிலைக்கவில்லை. சிரம்பானிலிருந்து பெண் யாரும் வரத் தயாரில்லை. சாலையில் லாரியைச் சுடுகிற காலம், யார் வருவாள்? கிராணி வாயெல்லாம் பல்லாக வந்து செய்தி சொன்னார்: "நீதானே கேட்ட? நீயே நில்லுன்னு துரை சொல்லிட்டாரு. இல்லன்னா பழையபடி அவங்கதான்."

அண்ணி அன்றைக்குச் சாயங்காலம் வெற்றிலைகூடப் போடவில்லை. நான் வேண்டாம் என்றேன். சங்கத் தலைவர் கேட்டில் நின்று சொந்த ஜனத்தைத் தடவினால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்றேன். "அவங்க கை படுறதுக்கு எங்கை பட்டாத் தேவல" என்றாள். கையில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு நின்றாள். கள்ளுக்கடையில் அவளுக்கு 'மாத்தா' என்று பட்டம் வந்துவிட்டது. போலீசுக்கு மலாய்க்காரர்கள் சொல்கிற பெயர். கை தூக்கி அவளைத் தலைவராக்கியவர்கள்தான் அந்தப் பட்டத்தையும் கொடுத்தார்கள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தாள். வெளியே ஒரு பருக்கை அகப்பட்டாலும் பெண்ணை நம்பிக் கேட்டை விட்டது தப்பு என்று சொல்லி ஆம்பிளைகளைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். அந்தக் கேட்டில் நாங்கள் மானத்தோடு போய்வருவது முழுக்க அவள் கையில்தான் இருந்தது. என்னையும் விடவில்லை. பகல் வரைக்கும் வயிற்றைக் கிள்ளுமே என்று நான் ஒருநாள் சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்றைச் சுருக்குப் பையில் வெற்றிலைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். கருவாடு என்றால் அண்ணிக்கு உயிர், அந்த வாசனை அவளிடம் மறையுமா? வெளியே எடுத்தாள். எல்லாரும் பார்க்க வாயில் போட்டு மென்றாள்.

"வேலிக்கு வெளியதான் போகக்கூடாது. உள்ள எங்க வேணாலும் போகலாம்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள். நின்ற ஸ்பெஷல் போலீஸ்காரனே சிரித்துவிட்டான். நான் அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

எங்கள் லயத்தில் கடைசி வீட்டில் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். அவளுடைய பெண் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அப்போதுதான் பேசப் பழகியிருந்தது அது. சோற்றில் சீனி போட்டுக் கொடுத்தால் போதும், வேறொன்றும் கேட்காது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் கொடுத்த மருந்து நிற்கவில்லை. செத்துப்போனது.

சுடுகாடு வேலிக்கு வெளியே, ரப்பர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில். துப்பாக்கியோடு போலீஸ் கூட வர, அவசர அவசரமாகப் புதைத்துவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் பால் தெளிக்கவேண்டும். குழிமேல் பால் ஊற்றி, செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைத்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். காக்கா வந்து எடுத்தால் செத்தவர்கள் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். அதற்கு அனுமதி கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செத்த பிள்ளைக்குப் பால் தெளிக்க யாரிடம் போய் அனுமதி கேட்பது? இத்தனை கெட்டிக்காரியான அண்ணிக்கே தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

மூன்றாம் நாள் விடியற்காலை கடைசி வீட்டுக்காரி எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். அவளுடைய நிரை சுடுகாட்டை ஒட்டித்தான். அண்ணி வழக்கம்போல இடுப்பைத் தடவினாள், ரப்பர்ப் பால் எடுக்கிற வாளிக்குள் கை விட்டாள். கை உள்ளேயே நின்றது. அண்ணி முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாளிக்குள் வாழையிலையில் சுற்றிய சோறு இருந்தது. கொட்டகையில் கொடுத்த தன் பங்கைப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் தின்னாமல் சீனி போட்டுப் பிசைந்து வைத்திருந்தாள். கூட ஒரு கொட்டாங்கச்சியில் கொஞ்சம் டின் பால். அண்ணி கையை வெளியே எடுத்தாள். அவள் தோளில் அந்தக் கையை ஒரு நிமிஷம் வைத்தாள்.

"போ" என்றாள்.

அண்ணி பயந்த மாதிரியோ, துணிந்த மாதிரியோ ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் அது தப்பு என்று படவில்லை. என் கருவாட்டைப் பிடுங்கினவள் அதை விட்டாளே என்று நினைக்கக்கூட இல்லை. கருவாடு சாப்பாடு. அது படையல். இரண்டையும் ஒன்றாக நினைக்க எங்களுக்குத் தெரியாது.

பகலில் ரப்பர்ப் பால் நிறுக்கிற ஸ்டோரில் கடைசி வீட்டுக்காரியின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. வெட்டு முடிந்து திரும்பிப் போய்ப் பார்த்தாளாம். "இலையத் தொடச்சி வச்ச மாதிரி இருக்குக்கா. ஒரு பருக்க மிச்சம் வைக்கல" என்று என்னிடம் சொன்னாள். கேட்ட எல்லாருக்கும் மனது குளிர்ந்தது.

அதே காலி இலையை மறுநாள் ஆபீஸ் மேஜைமேல் பார்த்தேன்.

ரோந்து போனவர்கள் எடுத்து வந்திருக்கிறார்கள். பெண்கள் அத்தனை பேரையும் ஆபீஸ் வாசலில் நிறுத்தினார்கள். சிரம்பானிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி வந்திருந்தார். வேலிக்கு வெளியே, காட்டோரத்தில், இலையில் சோறு வைத்திருக்கிறார்கள்; யாரோ வந்து தின்றிருக்கிறார்கள். அவருக்கு அவ்வளவுதான் தெரிந்தது. எங்களுக்கு ஆறுதல் தந்த காலி இலைதான் அவருக்குச் சாட்சி. யார் வைத்தது என்று சொல்லாவிட்டால் தோட்டம் முழுவதற்கும் சோறு பாதியாகும் என்று கிராணி வழியாகச் சொன்னார்.

கடைசி வீட்டுக்காரி ஒரு அடி முன்னால் வைத்தாள். அண்ணி அவளைக் கையால் தள்ளிவிட்டுத் தான் போய் நின்றாள்.

"நாந்தான் வெளிய விட்டேன். வாளிக்குள்ள பாத்துட்டுதான் விட்டேன்."

அதிகாரி துரையிடம் ஏதோ பேசினார். துரை கிராணியிடம் பேசினார். கிராணி முதல் முறையாக அண்ணியிடம் மெதுவாகப் பேசினார்: "கூறுகெட்டுப் பேசாத. அந்தப் பொண்ணு ஒளிச்சி எடுத்துட்டுப் போச்சு, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிரு. உன்ன விட்டுருவாங்க."

"எங்கையில சூடு பட்டுச்சு சார். தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? அப்படிச் சொன்னா, பொம்பளைக்குச் சோதிக்கத் தெரியலன்னு கேட்டுக்கு அவங்கள அனுப்புவீங்க. இவளையும் கூட்டிட்டுப் போவீங்க." பிறகு அதிகாரியை நேராகப் பார்த்துச் சொன்னாள், தமிழிலேயே. "அது சோறு இல்லீங்க. செத்த புள்ளைக்கு வச்சது. அத உசுரோட இருக்குறவன் எவனும் தொடமாட்டான்."

பின்னே யார் தின்றது என்று அதிகாரி கேட்டார்.

"காக்கா."

கிராணி மொழிபெயர்த்தார். அதிகாரி சிரித்தார். எனக்குக் கிராணி மேல்தான் வயிறு எரிந்தது. அவர் வீட்டிலும் திதி கொடுத்தார்கள், காக்காவுக்குச் சோறு வைத்தார்கள். அது என்ன வழக்கம் என்று நாலு வார்த்தை விளக்கிச் சொல்ல அவருக்கு இங்கிலீஷ் தெரியும். சொல்லவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வேலை அவருக்கு.

லாரி வந்தது. அண்ணி ஏறவில்லை. "நாளைக்குக் காலையில கேட்டுல யாரு நிப்பா? அதச் சொல்லச் சொல்லுங்க, ஏறுறேன்" என்றாள். பிடித்துக்கொண்டு போகிறவர்களிடம் பேரம் பேசிய தலைவரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. துரை தோளைக் குலுக்கினார். பெண் யாராவது நின்றால் நிற்கட்டும், இல்லையென்றால் போலீஸ் நிற்கும் என்று பதில் வந்தது. அண்ணி கையிலிருந்த வெள்ளைப் பட்டையை அவிழ்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

"அழுவாத. போயி கேட்டுல நில்லு."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஏற்றிவிட்டார்கள்.

அவளைப் பார்க்க அண்ணன் சிரம்பானுக்கு நடையாய் நடந்தான். ஒரு தடவையும் விடவில்லை. கடைசியில், கப்பலில் அனுப்பிவிட்டோம் என்றார்கள். அண்ணி பிறந்தது எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. பொம்பளை என்றால் பிடிக்கமாட்டான் என்று சொன்ன மண்டோர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. புதிதாக ஒரு ஆம்பிளை தலைவரானார். துரை தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டு வருவார்.

பெண்களாவது அவளுக்காகப் பேசுவார்கள் என்று பார்த்தேன். "ஒரு செத்த புள்ளைக்காக நம்ம மானத்த அடகு வைக்கப் பாத்தாளே" என்று தண்ணீர்க்குழாய் பக்கத்தில், அவள் போட வைத்த அதே குழாய்ப் பக்கத்தில், பேசிக்கொண்டார்கள். குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு வந்தேன்.

ஆனால் கேட்டில் நின்றேன். அண்ணி போன மறுநாள் காலை அந்த ஸ்பெஷல் போலீஸ்காரன் முதல் பெண்ணிடம் கையை நீட்டியபோது, பட்டையைக் கட்டிக்கொண்டு குறுக்கே போய் நின்றேன். அண்ணியைவிட மோசமாகச் சோதித்தேன். எவளையும் நம்பவில்லை. கடைசி வீட்டுக்காரியைத் தனியாகச் சோதித்தேன். வாளியைக் கவிழ்த்துத் தட்டுவேன். அவள் ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை. அவள் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, ஆத்திரத்துக்கு யாராவது வேண்டியிருந்தது.

வேலி இருக்கும்போதே அண்ணி செத்த செய்தி வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் திரும்பிய ஒருவர் மம்பாவில் ஒரு கடையில் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். தெரியாத ஊரில், தூரத்துச் சொந்தக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருந்தாளாம். வாந்திபேதியாம். எப்போது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. யார் கொள்ளி வைத்தார்கள் என்றும் தெரியவில்லை. அண்ணன் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. காலையில் கேட்டுக்குப் போகவேண்டுமே என்றுதான் இருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் வரிசை நின்றது. கடைசி வீட்டுக்காரி வந்தாள். பக்கத்தில் வருமுன்னே வாசனை வந்துவிட்டது. வாளிக்குள் கை விட்டேன். சுட்டது.

சோறு. மேலே சுட்ட கருவாடு ஒரு துண்டு.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அவங்களுக்கு யாரு வச்சிருப்பா" என்று மட்டும் சொன்னாள், என்னிடம் கேட்கிற மாதிரிகூட இல்லை. ஸ்பெஷல் போலீஸ்காரன் நாலடி தள்ளி நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். நான் விட்டால் எல்லாம் போகும். அண்ணி எதற்காக லாரி ஏறினாளோ அதுவே போகும். விடாவிட்டால் அண்ணிக்கு ஒரு பிடி சோறு இல்லை. பிள்ளை பெறாதவள், கொள்ளி வைத்தவன் யாரென்று தெரியாதவள். வாளிக்குள் கையை வைத்துக்கொண்டு அழுதேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. என் கருவாட்டைத் தின்றுவிட்டு அவள் வயிற்றைத் தட்டிக் காட்டியது நினைவுக்கு வந்தது.

இலையை வெளியே எடுத்தேன். எல்லாரும் பார்க்க, கேட்டுத் தூணுக்குப் பக்கத்தில், வேலிக்கு உள்ளே தரையில் விரித்து வைத்தேன்.

ஸ்பெஷல் போலீஸ்காரன் ஓடி வந்து, என்ன இது என்றான். "உள்ளதான் இருக்கு" என்றேன். அவன் இலையைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான். சட்டம் எதுவும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. சீக்கிரம், சீக்கிரம் என்று மலாயில் வரிசையை விரட்டினான். வரிசை நகரவில்லை. நான் யாரிடமும் நிற்கச் சொல்லவில்லை. குழாயடியில் வாய்க்கு வந்தபடி பேசினவர்களும் நின்றார்கள். ஆம்பிளைகளும் நின்றார்கள். அந்த மண்டோர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். இருட்டு வெளுத்தது. கிராணி சைக்கிளில் வந்து, என்ன ஏது என்று கேட்டுவிட்டு, இலையைப் பார்த்ததும் இறங்கி நின்றுவிட்டார். வெயில் ரப்பர் மரங்களின் உச்சியில் இறங்கியது. இனி மரம் பால் விடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அசையவில்லை.

காட்டுப் பக்கத்திலிருந்துதான் காக்கா வந்தது. முள்கம்பிமேல் உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் பார்த்தது. உள்ளே குதித்து, முதலில் கருவாட்டை எடுத்தது. பிறகு இன்னொன்று வந்தது.

கடைசி வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்க விட்டேன். பிறகு அவள் வாளிக்குள் இன்னொரு தடவை கை விட்டு, அடி வரைக்கும் தடவிப் பார்த்தேன்.

"போ" என்றேன்.